பர்ஸ்ட் இயர் மியூசிக் பசங்களுக்கான லைப்ரரி கிளாஸ்: ஆறு வாரம் போய்ட்டு வந்து எழுதுற ரிவியூ

ஜூனியர் பசங்க ரெண்டு மூணு பேர் வாட்ஸ்அப்ல கேட்டுட்டே இருக்காங்க, அக்கா அந்த லைப்ரரி கிளாஸ்க்கு கண்டிப்பா போகணுமா, அந்த டைம்ல பிராக்டிஸ் ரூம் பிடிச்சு ரெண்டு மணி நேரம் வாசிச்சிடலாமேன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ண முடியல, மொத்தமா இங்கயே எழுதிடறேன். காலேஜ் பேர் போடல. கோலாலம்பூர்ல ஒரு பிரைவேட் காலேஜ், மியூசிக் டிப்ளமா, அது போதும்.

முதல்லயே சொல்லிடறேன், போங்க. மூணாவது வாரத்தையும் நாலாவது வாரத்தையும் மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுடாதீங்க. அஞ்சுல நாலு ஸ்டார் குடுக்குறேன், அந்த ஒண்ணை ஏன் குறைச்சேன்னு கீழ வரும்.

நான் யாருன்னு ஒரு வரி. செந்தூல் பொண்ணு, எட்டு வயசுலேர்ந்து கர்நாடக வயலின், எஸ்பிஎம் (இங்க அஞ்சாம் படிவப் பரீட்சை) முடிச்சிட்டு இந்த டிப்ளமால வெஸ்டர்ன் வயலின் சேர்ந்தேன். எங்க குருகிட்ட பாட்டுன்னா நோட்டுபுக்குல அவர் கையால எழுதிக் குடுத்ததுதான், லைப்ரரில போய் ஒரு பாட்டைத் தேடுறதுன்னா என்னன்னே எனக்குத் தெரியாது. அதனால இந்த ரிவியூ அந்த மாதிரி வந்தவங்களுக்குத்தான் ரொம்ப யூஸ் ஆகும்.

கிளாஸ் ஆறு வாரம், வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், பீஸ்லயே சேர்ந்துடுது, தனியா ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூட கட்ட வேணாம். எடுக்குறது மியூசிக் லைப்ரேரியன், ஒரு மலாய்க்கார புவான் (மலாய்ல மேடம்னு அர்த்தம்), இங்கிலீஷும் மலாயும் கலந்து பேசுவாங்க, கத்தவே மாட்டாங்க, எத்தன தடவ கேட்டாலும் திரும்பச் சொல்லுவாங்க. கவுண்டர்ல ஒரு தமிழ் அக்கா இருக்காங்க, அவங்களப் பத்தி தனியா சொல்லணும், பின்னாடி சொல்றேன்.

முதல் வாரம் வேஸ்ட். பிரிண்டர் எங்க இருக்கு, லேட்டா திருப்பிக் குடுத்தா எவ்வளவு பைன், எத்தன மணிக்கு மூடுவாங்க, அவ்வளவுதான். காலேஜ் தொடங்கி மூணாவது நாள், ஒருத்தர் கையிலயும் அசைன்மென்ட் இல்ல, தேட வேண்டிய பொருளே இல்லாதப்ப எப்படித் தேடுறதுன்னு சொல்லிக் குடுத்தா யார் மண்டையில ஏறும்? இருபத்தஞ்சு பேர்ல பாதிப் பேர் போன்தான் பார்த்துட்டு இருந்தாங்க, அவங்களக் குறை சொல்லவும் முடியாது.

ரெண்டாவது வாரம் ஷெல்ப். எங்க லைப்ரரில லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறைதான், மியூசிக் எல்லாம் எம்-ல வரும். எம் மட்டும் இருந்தா அது வாசிக்கிற நோட்டேஷன், எம்எல்-னா மியூசிக்கப் பத்தி எழுதின புக், எம்டி-னா சொல்லிக் குடுக்குறது, பயிற்சி. எம் 23 பியானோ சொனாட்டா, எம் 452 ஸ்ட்ரிங் குவார்டெட், எம் 1001 சிம்பனி, எம் 1500 ஓபரா, எம்எல் 410 கம்போசர்களோட வாழ்க்கை வரலாறு. இத ஒருக்கா தெரிஞ்சுக்கிட்டா கம்ப்யூட்டரே இல்லாம நேரா ஷெல்புக்கு நடந்து போய்டலாம். நம்மளுக்கு எம்எல் 338 முக்கியம், இந்திய இசை வரலாறு அங்கதான் நிக்குது. (பப்ளிக் லைப்ரரில டியூவி முறை வச்சிருந்தா மியூசிக்குக்கு 780.)

அன்னிக்கு நான் கத்துக்கிட்ட இன்னொண்ணு, ஒரே பாட்டுக்கு பல விதமான புத்தகம் இருக்கு. குவார்டெட் வாசிக்க நாலு பேர் சேர்ந்தோம், நான் ஓடிப் போய் ஒண்ண எடுத்துட்டு வந்தேன், உள்ளங்கை அளவு சின்ன புத்தகம், நாலு வாத்தியமும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா பொடி எழுத்துல. அது ஸ்டடி ஸ்கோர், பார்த்துப் படிக்கத்தான், ஸ்டாண்ட்ல வச்சு வாசிக்க இல்ல. வாசிக்கணும்னா பார்ட்ஸ்னு தேடணும், நாலு தனித்தனி புத்தகம் ஒரு உறைக்குள்ள இருக்கும். அதுக்குன்னு கேட்டலாக்ல ஒரு டிக் பாக்ஸ் இருக்குன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

இப்ப மூணாவது வாரம்.

உள்ள வந்ததும் புவான் எங்க எல்லாரையும் பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டாவ லைப்ரரி கேட்டலாக்ல தேடச் சொன்னாங்க. தேடினோம், வந்தது ரெண்டு சிடி, ஒரு பாப்புலர் கலெக்‌ஷன். அப்புறம் போர்டுல எழுதினாங்க: சொனாட்டாஸ், பியானோ, நம்பர் 14, ஓபஸ் 27 நம்பர் 2, சி ஷார்ப் மைனர். அத அடிச்சா வரிசையா கொட்டுது. மூன்லைட்ங்கிற பேர பீத்தோவன் வைக்கவே இல்ல, ரெல்ஷ்டாப்னு ஒரு விமர்சகர் நிலா வெளிச்சத்தோட ஒப்பிட்டுச் சொன்னது, அவர் 1827ல செத்ததுக்கு அப்புறம்தான் பேரா ஒட்டிக்கிட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான்னு ஒவ்வொரு ஊர் பப்ளிஷரும் அட்டையில ஒவ்வொரு பாஷையில ஒவ்வொரு பேர் போடுறாங்க, அதனால லைப்ரரிக்காரங்க எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பேர் வச்சுக்கிறாங்க, யூனிபார்ம் டைட்டில்னு. நம்ம வீட்ல கூப்பிடுற பேர் வேற, ஐசில (அடையாள அட்டைல) இருக்கிற பேர் வேற இல்லையா, கேட்டலாக் ஐசில இருக்கிற பேருக்குத்தான் திரும்பிப் பாக்கும்.

அதே மாதிரிதான் நம்பரும். மோட்சார்ட்டுக்கு கோஹெல் நம்பர், 1862ல லுட்விக் வான் கோஹெல் போட்ட லிஸ்ட். பாக் பாட்டுங்களுக்கு பிடபிள்யூவி, ஷூபர்ட்டுக்கு டி, விவால்டிக்கு ஆர்வி. நான் அந்த செமஸ்டர் வாசிச்சது மோட்சார்ட்டோட ஈ மைனர் வயலின் சொனாட்டா, கே 304. தேடிப் பார்த்தா சில புக்குல 304, அது பக்கத்துலயே 300சி-ன்னும் இருக்கு. நான் ரெண்டு பாட்டுன்னு நெனச்சேன். ஒரே பாட்டுதான், பின்னாடி வந்த பதிப்புல காலவரிசைய மாத்தினப்ப புது நம்பர் குடுத்திருக்காங்க, பழசும் போகாம கூடவே நிக்குது.

இந்த சொனாட்டால எனக்கு நடந்தத கண்டிப்பா சொல்லணும். ஐஎம்எஸ்எல்பி வெப்சைட் எல்லாருக்கும் தெரியும், 2006லேர்ந்து இருக்கு, காப்பிரைட் முடிஞ்ச நோட்டேஷன் இலவசமா கிடைக்கும். நான் அதுலேர்ந்து முதல்ல கண்ணுல பட்டத பிரிண்ட் எடுத்து ஒரு மாசம் பிராக்டிஸ் பண்ணிட்டேன். லெசன்ல முதல் பக்கத்துல ஒரு இடத்துல லெச்சரர் நிறுத்தினார். "இந்த ஸ்லர் மோட்சார்ட் போட்டதா, வேற யாராச்சும் போட்டதா?" ஸ்லர்னா நோட்டுங்கள ஒட்டி வாசிக்கச் சொல்ற வளைகோடு. எனக்கு பதில் தெரியல. ஒரு ஸ்லர்ல யார் போட்டதுன்னு கேள்வி இருக்க முடியும்னே அதுவரைக்கும் எனக்குத் தோணினதில்ல.

அந்த தாளோட மேல வலது மூலையில பொடி எழுத்துல ஒரு எடிட்டர் பேர் இருந்துச்சு, நான் கவனிக்கவே இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடி வந்த நிறைய பதிப்புல எடிட்டர் தன் கைக்குப் பிடிச்ச மாதிரி போவிங் (வில் போற திசை), பிங்கரிங் (எந்த விரல்), பியானோ, போர்ட்டேங்கிற மெதுவா, சத்தமா குறி எல்லாம் சேர்த்துடுவாங்க, எது கம்போசரோடது எது இவரோடதுன்னு பிரிச்சுக் காட்ட மாட்டாங்க. காப்பிரைட் முடிஞ்சதால அந்த மாதிரி பதிப்புதான் இலவசமா அதிகம் கிடைக்குது. புவான் அடுத்த வாரம் என்ன மட்டும் தனியா கூப்பிட்டு மூணு காப்பிய மேசையில பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சாங்க, என்னோட பிரிண்ட், ஷெல்ப்ல இருந்த ஹென்லே ஊர்டெக்ஸ்ட் (ஹென்லே பப்ளிஷரோட, கம்போசர் எழுதின மாதிரியே தரப் பாக்குற பதிப்பு), அப்புறம் கம்ப்யூட்டர்ல நோயே மோட்சார்ட் ஆவுஸ்காபே, மோட்சார்ட்டோட எல்லா பாட்டும் ஆராய்ச்சி பண்ணிப் போட்ட பதிப்பு, பேரன்ரைட்டர் வெளியிட்டது, 2006 டிசம்பர்லேர்ந்து இணையத்துல இலவசம். பென்சில என் கையில குடுத்து, உன் பிரிண்ட்ல இருந்து மத்த ரெண்டுலயும் இல்லாதத வட்டம் போடுன்னாங்க. முதல் பக்கத்துலயே பதினொரு வட்டம். பதினொண்ணும் மோட்சார்ட் எழுதாதது. அந்தத் தாள் இன்னும் என் வயலின் பெட்டியில இருக்கு.

இன்னொண்ணும் காட்டினாங்க. 1778ல பாரிஸ்ல முதல்ல அச்சானப்ப அட்டையில வயலின் சொனாட்டான்னே போடல, கீபோர்டுக்கான சொனாட்டா, வயலின் துணை வாத்தியம்னுதான் போட்டிருக்கு. அதப் படிச்சதுக்கு அப்புறம் நான் வாசிக்கிற விதமே மாறிடுச்சு, பியானோ மெலடி எடுக்கிற இடத்துல நான் ஏறி நிக்காம ஒதுங்கி நிக்கக் கத்துக்கிட்டேன். லைப்ரரி கிளாஸால வில் பிடிக்கிற கை மாறும்னு யாராச்சும் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

நாலாவது வாரம் டேட்டாபேஸ். குரோவ் மியூசிக், ரில்ம், கட்டுரை படிக்க ஜேஸ்டோர், பாட்டு கேக்குறதுக்கு நாக்சோஸ். குரோவ்ங்கிறது கலைக்களஞ்சியம், அதுல கட்டுரைய விட கடைசில இருக்கிற புத்தகப் பட்டியல்தான் தங்கம், அங்கேர்ந்து ஒண்ணொண்ணா பிடிச்சுப் போலாம். ரில்ம் 1966ல தொடங்கினது, யார் எங்க என்ன எழுதினாங்கன்னு சுருக்கத்தோட சொல்லும், முழுக் கட்டுரையும் எப்பவும் இருக்காது, அத வேற இடத்துல போய் எடுக்கணும். தேடுற வார்த்தைங்களுக்கு நடுவுல அண்ட் போட்டா வட்டம் சுருங்கும், ஆர் போட்டா விரியும், ரெண்டு வார்த்தை சேர்ந்தே வரணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடணும், வார்த்தை முடிவுல நட்சத்திரம் போட்டா மிச்சத்த அதுவே நிரப்பிக்கும்.

எனக்கு ஆயிரத்து ஐநூறு வார்த்தையில ஒரு எஸ்ஸே, தலைப்ப நாமளே எடுத்துக்கலாம். வயலின் எப்படி கர்நாடக இசைக்குள்ள வந்துச்சுன்னு எடுத்தேன். முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் மெட்ராஸ்ல ஒரு ஐரோப்பியர்கிட்ட கத்துக்கிட்டாருன்னு எங்க குரு சொன்னது ஞாபகம் இருக்கு, அத வச்சு தொடங்கினேன். எனக்குத் தெரிஞ்ச ஸ்பெல்லிங்ல பாலுஸ்வாமின்னு அடிச்சேன், ஒண்ணும் வரல. வரலன்னா யாரும் எழுதலன்னு அர்த்தம்னு நெனச்சு தலைப்பையே மாத்தப் போனேன்.

புவான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாங்க. "உங்க மொழிப் பேருங்கள எனக்கு சரியா தெரியாது, ஆனா இத இங்கிலீஷ்ல எத்தன விதமா எழுதுவாங்கன்னு முதல்ல தாள்ல எழுது" அப்படின்னாங்க. எழுதினேன். ஸ்வாமில டபிள்யூவா வி-யா, தீட்சிதர்ல கே-க்கு அப்புறம் எஸ் மட்டுமா எஸ்எச்சா, டி-க்கு அப்புறம் எச் உண்டா இல்லையா, கர்நாடிக்க சி-ல தொடங்குறதா கே-லயா. பதினாறு விதம் வந்துச்சு. எல்லாத்தையும் ஆர் போட்டு அடைப்புக்குறிக்குள்ள வச்சு வயலினோட அண்ட் போட்டதும் ஸ்க்ரீன் நிறைய வந்துடுச்சு. அமாண்டா வைட்மன் 2006ல போட்ட புக்குல தென்னிந்தியால வயலினோட பயணத்துக்குன்னு ஒரு அத்தியாயமே இருக்கு. பாலுஸ்வாமியோட பேரன் முறை சுப்பராம தீட்சிதர்தான் 1904ல எட்டயபுரத்துல சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினிய தெலுங்குல அச்சுல கொண்டு வந்தவர்னு தெரிஞ்சுச்சு. சென்னை மியூசிக் அகாடமியோட ஜர்னல் 1930லேர்ந்து வருது, பழைய இதழ்களெல்லாம் ஸ்கேன் பண்ணி அவங்க வெப்சைட்லயே இருக்கு, இலவசம். இத நம்ம பிள்ளைங்க எல்லாரும் குறிச்சு வச்சுக்கங்க.

தமிழ் புக் தேடுறப்ப புவானுக்கே கை ஓடல. அங்கதான் கவுண்டர் அக்கா வந்தாங்க.

எனக்கு விபுலாநந்த அடிகளோட யாழ் நூல் வேணும், 1947ல வந்தது. யாழ்னு இங்கிலீஷ்ல ஒய் ஏ இஸட் எச் போட்டு அடிச்சேன், பூஜ்யம். அக்கா என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துட்டு, "இஸட் எச்ச எடுத்துட்டு வெறும் எல் போடும்மா" அப்படின்னாங்க. போட்டேன், வந்துடுச்சு! லைப்ரரி முறையில ழ-வ அடியில கோடு போட்ட எல்-லாத்தான் எழுதுவாங்களாம், நாம அடிக்கிறப்ப கோடு வேணாம், வெறும் எல் போதும். அதோட நிக்கல. தமிழ் எழுத்துல க-வுக்கு எப்பவும் கே, ச-வுக்கு எப்பவும் சி, த-வுக்கு எப்பவும் டி (டைகர்ல வர்ற டி), சத்தம் எப்படி வந்தாலும் எழுத்து மாறாது. அப்ப சங்கீதம்னு தேடணும்னா எஸ்-ல தொடங்கவே கூடாது, சி, ஏ, என், கே, ஐ, டி, ஏ, எம். சத்தமா படிச்சா கேங்கிட்டம் மாதிரி இருக்கும், ஆனா அதுக்குத்தான் கேட்டலாக் கதவு திறக்குது. ஆபிரகாம் பண்டிதர் 1917ல தஞ்சாவூர்ல வெளியிட்ட கருணாமிர்த சாகரத்துக்கும் சாகரத்துல சி தான். நான் இத்தன வருஷம் தமிழ் படிச்சிருக்கேன், என் பாஷை புக்க இப்படித்தான் அடுக்கி வச்சிருக்காங்கன்னு அன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அக்கா அந்த எழுத்து அட்டவணைய ஒரு மஞ்சள் தாள்ல கையால எழுதிக் குடுத்தாங்க, அத போட்டோ எடுத்து எத்தன பேருக்கு அனுப்பிட்டேன்னு கணக்கே இல்ல.

இன்னும் வேணும்னா ஜாலான் துன் ரசாக்ல இருக்கிற பெர்புஸ்தகாஆன் நெகாராவுக்கு (தேசிய நூலகம்) போகச் சொன்னாங்க, தெங்கோலோக் (மலாய்த் தலைப்பாகை) மாதிரி கூரை இருக்கே அதான். 1986 சட்டப்படி மலேசியால அச்சாகிற புக்குல அஞ்சு காப்பி அங்க குடுக்கணும், அதனால இங்க வந்த தமிழ் வெளியீடு தேட அதுதான் முதல் இடம். மலாயா பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறை 1956லேர்ந்து இருக்கிறதால அவங்க லைப்ரரியும் கேட்டுப் பாக்கலாம், வெளியாளுங்க உள்ள போறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேட்டுக்கங்க.

அஞ்சாவது வாரம் எங்க கூட படிக்கிற ஒரு தம்பியால வந்த பாடம். அவன் ஏஐ சாட்ல கேட்டு நாலு புக் லிஸ்ட் எடுத்துட்டு வந்து கவுண்டர்ல குடுத்தான், அதுல ஒண்ணு மலாயா தோட்டங்கள்ல இசை பத்தினது, ஆசிரியர் பேர், வருஷம், பக்க எண் எல்லாம் சுத்தமா இருக்கு. அக்கா எங்க கேட்டலாக்ல தேடினாங்க, உலகத்து லைப்ரரிங்க சேர்ந்து வச்சிருக்கிற வேர்ல்ட்கேட்ல தேடினாங்க, அந்த ஆசிரியர் வேற என்ன எழுதியிருக்கார்னு தேடினாங்க, இருபது நிமிஷம் ஆச்சு. கடைசில மெதுவாத்தான் சொன்னாங்க, "தம்பி, இப்படி ஒரு புக்கே இல்லப்பா." அவன் முகம் வாடிப் போச்சு, அந்த புக்க நம்பி எஸ்ஸேல பாதி எழுதி வச்சிருந்தான். புவான் அவன் பேரச் சொல்லாம அத அந்த வாரப் பாடமாவே மாத்தினாங்க, புக்க கையில எடுத்துப் பாக்காம, இல்லன்னா குறைஞ்சது ஒரு லைப்ரரி கேட்டலாக்லயாச்சும் பாக்காம, புட்நோட்ல போடக் கூடாது. தோட்டத்து இசை பத்தி நிஜமாவே ஒரு நல்ல புக் வேணும்னு எனக்கும் ஆசைதான், எங்க தாத்தா தோட்டத்துல பால் மரம் (ரப்பர்) வெட்டினவர், அந்த லயத்துல (தொழிலாளர் வீட்டு வரிசைல) தப்பு மேளம் அடிச்சவங்க கதை வீட்ல இன்னும் பேசுவாங்க.

ஆறாவது வாரம் மார்க். எட்டு சோர்ஸ், ஒவ்வொண்ணுக்கும் மூணு நாலு வரி, எழுதினவர் யார், எனக்கு எதுக்கு உதவுது, எத சொல்லாம விடுது. சிக்காகோ முறையில புட்நோட். மொத்தம் பத்து மார்க்தான், ஆனா புவான் ஒவ்வொரு வரிக்கும் பென்சில்ல பதில் எழுதியிருந்தாங்க, வேற எந்தப் பாடத்துலயும் என் பேப்பர் அப்படித் திரும்பி வந்ததில்ல.

இப்ப அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு சொல்றேன். முதல் குறை நேரம். எஸ்ஸேவ அஞ்சாவது வாரம்தான் முறைப்படி குடுக்குறாங்க, கிளாஸ் முதல் வாரமே தொடங்கிடுது. நான் தலைப்ப முன்னாடியே யோசிச்சு வச்சிருந்ததால தப்பிச்சேன், மத்தவங்க நாலாவது வாரத்துல எதத் தேடுறதுன்னு தெரியாம சும்மா பாட்டுக்காரங்க பேர அடிச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. காலேஜ்காரங்க தயவுசெஞ்சு கிளாஸ நாலு வாரம் தள்ளி வைங்க. ரெண்டாவது, இருபத்தஞ்சு பேருக்கு பன்னெண்டு கம்ப்யூட்டர், அதுலயும் ரெண்டு லாகின் ஆகாது. வீட்லேர்ந்து டேட்டாபேஸ்க்குள்ள போற பாஸ்வேர்டு ராத்திரி ஆனா வேலை செய்யாது, நமக்கு ராத்திரிதான நேரம், பகல்ல கிளாஸ், சாயங்காலம் டியூஷன் எடுக்கப் போறோம். இத எழுத்துல குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, பதில் வரல.

மூணாவதுதான் எனக்கு மனசுல இருக்கிறது. ஆறு வாரத்துல உதாரணம் எல்லாம் பீத்தோவன், மோட்சார்ட், பாக். பங்சாவானுக்கு (பாட்டோட வர்ற மலாய் மேடை நாடகம்) ஒரு ஸ்லைடு, மலாய் சினிமா பாடகர் பி. ரம்லிக்கு ஒரு ஸ்லைடு, சீன இசைக்கும் நம்ம இசைக்கும் ஒண்ணுமே இல்ல. பினாங்குல யுஎஸ்எம் பல்கலைக்கழகத்து டான் சூய் பெங் பங்சாவான் பத்தி 1993லயே முழு புக் எழுதியிருக்காங்க, ஷெல்ப்ல இருக்கு, எடுத்துக் காட்டினா என்ன? வகுப்புல மலாய்ப் பசங்க, சீனப் பசங்க, நாங்க ஏழு தமிழ்ப் பிள்ளைங்க, எல்லாரும் வீட்ல கேட்டு வளர்ந்த இசையத்தான் முதல்ல தேடிப் பாப்போம், அங்க பூஜ்யம் வந்தா நம்மளோடது ஆராய்ச்சிக்கு லாயக்கில்லன்னு பதினெட்டு வயசுல மனசுல பதிஞ்சுடும். எனக்கே கிட்டத்தட்ட பதிஞ்சுது, அக்கா வந்து அந்த எல்-ல சொன்னதாலதான் தப்பிச்சேன். அக்கா ஷிப்ட் இல்லாத நாள்ல ஒரு பிள்ளை வந்து தேடினா?

கருத்துப் படிவத்துல இத முழுசா எழுதிக் குடுத்தேன், மஞ்சள் தாளோட காப்பியையும் பின் பண்ணி வச்சேன். போன வாரம் ஒரு புக்க ரினியூ பண்ணப் போனப்ப புவான் கூப்பிட்டு, அடுத்த இன்டேக்குக்கு நாலாவது வாரத்துல அந்த அட்டவணைய ஹேண்டவுட்டா குடுக்கப் போறோம், அக்காவ அரை மணி நேரம் பேச வைக்கப் போறோம்னு சொன்னாங்க. சீன எழுத்துக்கும் அதே மாதிரி ஒண்ணு தயார் பண்ண ஒரு சீனப் பையன் ஒத்துக்கிட்டானாம்.

போறவங்க ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, ஏர்கான் எலும்பு வரைக்கும் குளிரும். பேனா வேணாம், ஸ்கோர் மேசையில பென்சில் மட்டும்தான் விடுவாங்க. கவுண்டர் அக்கா செவ்வாய், வியாழன் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல இருப்பாங்க.